அழகுப்புல் காய்ந்தால் செத்ததா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் கொல்லை வரப்பில் வெட்டிவேரில் தொடங்கி, இப்போது பத்துப் பதினைந்து வகைப் புல் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தூர் பிரித்துக் கொடுப்பேன். கொடுத்த இடங்களிலிருந்தெல்லாம் அந்தந்த மாதத்துக்கு அதே கேள்வி போனில் வரும். ஆவணியில் "பூக்கலையே அக்கா", பங்குனியில் "செத்துப்போச்சு அக்கா". பங்குனிக் கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் சிலர் புல்லைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். உயிருள்ள செடி குப்பைக்குப் போவது எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

அழகுப்புல்லுன்னா என்ன அக்கா? லானுக்குப் போடற புல்லா?

இல்லை. லான் புல் தரையோடு படர்வது, அதை வாரம் தவறாமல் வெட்டிக்கொண்டே இருப்போம். அழகுப்புல் தூர் கட்டி நிற்பது. அதை வளரவிட்டு, இலை வளைவதையும் கதிர் ஆடுவதையும் பார்ப்பதற்காக வைக்கிறோம். நர்சரிகளில் அதிகம் கிடைப்பது ஊதா நிற ஃபவுண்டன் கிராஸ், பம்பாஸ், வரி போட்ட மிஸ்காந்தஸ். நம் ஊர்ப் புற்களில் வெட்டிவேரும் எலுமிச்சைப்புல்லும் இந்த வேலைக்குக் கொஞ்சமும் குறைந்தவை இல்லை.

நெல், ராகி, சாமை, கரும்பு, மூங்கில் எல்லாமே புல் குடும்பம்தான். சம்பு, கோரை, தொட்டியில் வைக்கும் குடைக்கோரை ஆகியவை பார்க்கப் புல் மாதிரி இருந்தாலும் வேறு குடும்பம். தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். கோரை மூன்று பட்டையாக, கணு இல்லாமல் இருக்கும். புல்லில் உருண்ட தண்டும் கணுவும் தெரியும். கோரை வகைக்கு ஈரம் எப்போதும் வேண்டும். அதனால் கீழே நான் சொல்லும் பருவக்கணக்கு அதற்குப் பொருந்தாது.

பங்குனி வந்ததும் எல்லாம் வைக்கோல் மாதிரி ஆயிருச்சு. செத்துப்போச்சா?

பத்தில் ஒன்பது தடவை சாகவில்லை. மண்ணில் ஈரம் குறைந்ததும் புல் தன் இலையில் இருக்கும் சத்தை உறிஞ்சித் தூருக்கும் வேருக்கும் இறக்கிவிடும். வெளியே நிற்பது வெறும் தோகை. பங்குனியில் நம் கரடுகளைப் பாருங்கள், மேலிருந்து கீழ்வரை பழுப்பாக இருக்கும். ஒரு நல்ல மழை பெய்து பத்து நாள் கழித்து அதே கரடு பச்சையாக நிற்கும். யாரும் அங்கே புதிதாக விதைப்பதில்லை. உங்கள் வாசலில் இருப்பதும் அதைத்தான் செய்கிறது.

புல்லின் வளரும் முனை இலை நுனியில் கிடையாது, அடியில் இருக்கிறது. மாடு மேய்ந்தாலும் புல் மறுபடி வருவது இதனால்தான். ஆகவே உயிர் இருக்கிறதா என்று அடியில்தான் பார்க்க வேண்டும். காய்ந்த இலையை இரண்டு கையாலும் விலக்கி, தண்டின் அடிப்பகுதியை நகத்தால் கீறுங்கள். வெளிர்பச்சையாகவோ வெள்ளையாகவோ, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. இழுத்ததும் தண்டு கையோடு வந்து, அடி கறுத்து, அழுகல் வாடை அடித்தால் போய்விட்டது. பெரும்பாலும் அது தண்ணீர் இல்லாமல் செத்ததாக இருக்காது. காய்ந்துவிட்டதே என்று பயந்து தினமும் குடம் குடமாக ஊற்றியதில் செத்திருக்கும்.

யூடியூப்ல ஸ்பிரிங், ஆட்டம், விண்டர்னு சொல்றாங்களே. நமக்கு அது எந்த மாசம்?

இந்த ஒரு கேள்விதான் மற்ற எல்லாக் குழப்பத்துக்கும் வேர். குளிர் நாடுகளில் புல் பனிக்குப் பயந்து தூங்கும். நம் பக்கம் அது வறட்சிக்குப் பயந்து தூங்குகிறது. அங்கே டிசம்பரில் நடப்பது இங்கே மாசி, பங்குனியில் நடக்கிறது. அந்த வீடியோக்களைப் பார்த்து மாதக்கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், புல் அழகாக நிற்கிற நேரத்தில் அதை வெட்டிப் போட்டுவிடுவீர்கள்.

எங்கள் கொல்லையில் நான் பார்க்கிற வருஷம் இப்படிப் போகும். சித்திரைக் கடைசி, வைகாசியில் மாங்காய் முற்றுகிற நேரத்தில் இடியோடு வரும் கோடை மழைதான் புல்லுக்கு வருஷப் பிறப்பு. தூரில் ஊசி ஊசியாகத் துளிர் வரும். அந்த இளம்பச்சை வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது. ஆனி, ஆடியில் மழையைவிடக் காற்று அதிகம். இலை நீளும், சாயும், அலை அடிக்கும். பூ இருக்காது, ஆனால் புல்லின் அசைவைப் பார்க்க இதுதான் நேரம். ஆவணியிலிருந்து ஐப்பசி வரை நம் இரண்டு மாவட்டத்திலும் நல்ல மழை. குறிப்பாக செப்டம்பர், அக்டோபர். புல் அப்போதுதான் முழு உயரத்துக்கு வந்து கதிர் தள்ளும்.

கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் பச்சை மெல்ல இறங்கும். மார்கழி, தையில் கதிரெல்லாம் பொன்னிறமாக, வெள்ளையாக நிற்கும். காலை ஆறரை, ஏழு மணிக்குப் பனித்துளியோடு சூரியனுக்கு எதிரே நின்று பாருங்கள். என்னைக் கேட்டால் புல்லின் வருஷத்தில் உச்சம் அதுதான், பச்சையாக இருக்கும் ஆவணியைவிட. மாசியில் கதிர் உதிரும், பங்குனியில் வைக்கோல்.

இதிலும் மேடு பள்ளம் உண்டு. ஓசூர், தளி பக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர். கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்கள் 500 மீட்டரை ஒட்டி இருக்கின்றன. அதனால் மேட்டில் குளிர் அதிகம், ஈரம் நின்று காயும். தருமபுரிப் பக்கம் மாசி முதல் வாரத்திலேயே காய்ந்துவிடும் புல், தளியில் இன்னும் பாதிப் பச்சையாக இருக்கும்.

ஆடி முடிஞ்சும் ஒரு கதிரைக் காணோம். எப்ப பூக்கும்?

வகையைப் பொறுத்தது. ஃபவுண்டன் கிராஸ் தண்ணீரும் வெயிலும் இருந்தால் வருஷத்தில் பெரும்பகுதி கதிர் தள்ளிக்கொண்டே இருக்கும். நாணல் அப்படி இல்லை. பகல் நீளம் குறையும்போதுதான் பூக்கும். நம் பக்கம் ஜூனில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம், டிசம்பரில் 11 மணி 25 நிமிடம். நமக்குத் தெரியாத இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் புல்லுக்குத் தெரியும். அதனால் நாணல் புரட்டாசி, ஐப்பசியில் பூக்கிறது. ஆடியில் எவ்வளவு உரம் போட்டாலும் வராது.

உரம் என்றதும் ஒன்று. யூரியா போட்டால் இலைதான் கொழுக்கும், கதிர் தள்ளிப்போகும், தண்டு மழையில் படுத்துவிடும். ஒரு கூடை மக்கிய தொழுவுரம் வருஷத்துக்கு ஒரு தடவை போதும். நிழலில் வைத்தாலும் கதிர் வராது. பம்பாஸ் என்றால் நட்டு இரண்டு மூன்று வருஷம் பொறுக்க வேண்டும். எலுமிச்சைப்புல் வீட்டுத் தோட்டத்தில் பூப்பதே அபூர்வம், அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

பூ முதல்ல செவப்பா இருந்துச்சு, இப்ப வெளுத்துப்போச்சு. நோயா?

வயசு. புல்லின் பூவுக்கு இதழ் கிடையாது. காற்றில் மகரந்தம் போவதால் பூச்சியை அழைக்க வண்ணம் தேவையில்லை. நாம் பூ என்று பார்ப்பது செதில்களும் மயிரிழைகளும்தான். இளசாக இருக்கும்போது அவற்றில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி இருக்கும். முற்ற முற்ற அது போய், உலர்ந்த இழை மட்டும் மிஞ்சும். சாலையோரம் தானாக முளைத்துச் செம்பஞ்சு மாதிரி நிற்குமே, நேட்டால் கிராஸ் என்பார்கள், அதைக் கவனியுங்கள். ஒரே செடியில் புதுக்கதிர் செந்நிறம், முந்தின வாரத்துக் கதிர் இளஞ்சிவப்பு, அதற்கு முந்தினது வெள்ளை. மூன்று வாரக் கதையை ஒரே பார்வையில் பார்க்கலாம்.

வெளுத்த கதிர் விதை முற்றியதற்கு அடையாளம். இது ஏன் முக்கியம் என்று விதை பறக்கும் கேள்வியில் சொல்கிறேன்.

ஊதாப்புல்லுன்னு காசு குடுத்து வாங்கினேன், பச்சையாயிருச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. முதலில் செடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். போர்ட்டிகோ நிழலில் வைத்திருந்தால் ஊதா வராது. அந்த நிறமி இலைக்கு வெயிலில் ஒரு குடை மாதிரி. வெயில் இல்லாதபோது செடி குடை பிடிப்பதில்லை. ஆறு மணி நேர நேர் வெயிலுக்கு மாற்றுங்கள். பழைய இலை மாறாது, அடுத்து வரும் இலை ஊதாவாக வரும்.

இதற்கு நல்ல உதாரணம் நம் கம்பு. பர்பிள் மெஜஸ்டி என்று ஒரு அழகுக் கம்பு, 2003இல் அமெரிக்காவின் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் அமைப்பின் தங்கப் பதக்கம் வாங்கியது. இலை, தண்டு, கதிர் எல்லாம் கருஊதா. ஆனால் முளைக்கும்போது சாதாரணக் கம்பு மாதிரி பச்சையாகத்தான் முளைக்கும், வெயில் பட்டுத்தான் நிறம் ஏறும். ஃபவுண்டன் கிராஸும் கம்பும், நம் மானாவாரி மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப்புல்லும் பங்காளிகள்தான். தாவரவியலில் இப்போது மூன்றையும் செங்க்ரஸ் என்ற ஒரே பேரினத்தில் வைக்கிறார்கள். கொழுக்கட்டைப்புல்லை மாட்டுக்குப் போடும்போது ஒரு கதிரை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நர்சரியில் வாங்கியதன் சாயல் தெரியும்.

முழு வெயிலில் இருந்தும் பச்சையாகவே துளிர்க்கிறது என்றால் அது பச்சை வகையாக இருக்கலாம். அப்போது வாங்கிய இடத்தில் கேட்பது நியாயம்.

எப்ப வெட்டணும்? எவ்ளோ உயரம் விடணும்?

கரும்பில் மறுதாம்பு விடுவது, அதாவது வெட்டிய கட்டையையே மறுபடி துளிர்க்கவிடுவது, உங்களுக்குத் தெரியுமானால் பாதி தெரிந்த மாதிரி. சொட்டுநீர் உள்ளவர்கள் பங்குனிக் கடைசியில் வெட்டலாம். மழையை மட்டும் நம்பியிருப்பவர்கள் முதல் கோடை மழை மண்ணை நனைத்த பிறகு வெட்டுங்கள். அதற்கு முன் வெட்டினால் காய்ந்த தோகை தூருக்குத் தரும் நிழல் போய், அடி வெந்துவிடும். மார்கழியில் வெட்டவே வெட்டாதீர்கள்.

முதலில் கயிற்றால் கட்டாகக் கட்டிக்கொண்டு, கருக்கரிவாளால் அறுங்கள். குப்பை சிதறாது. ஃபவுண்டன் கிராஸுக்கு ஒரு சாண் விட்டால் போதும், வெட்டிவேருக்கு ஒன்றரை முதல் இரண்டு சாண். பம்பாஸ் இலையின் ஓரம் கத்தி. முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். துளிர் ஒரு விரல் நீளம் வந்த பிறகு வெட்ட நேர்ந்தால் துளிருக்கு மேலேயே நிறுத்துங்கள்.

கொளுத்திவிட்டா நல்லா துளிர்க்கும்னு தாத்தா சொல்றாரே?

தாத்தா பார்த்தது உண்மை. மேய்ச்சல் கரடுகளில் தீ ஓடிய பிறகு பச்சை வரும். ஆனால் அங்கே தீ சில நொடியில் கடந்து போகும். தோட்டத்தில் நெருங்கிக் கட்டிய தூருக்குள் தணல் தங்கிவிடும், நடுத்தூர் கருகும். பங்குனிக் காற்றில் ஒரு பொறி பக்கத்துக் கொல்லைக்கோ காட்டுக்கோ போனால் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. வெட்டிய தோகையை மாஞ்செடிக்கு மூடாக்காகப் போடுங்கள், கோடையில் அந்த ஈரம் தங்கம்.

தளியில ஒருத்தர் வீட்டுல நீலப்புல் பார்த்தேன். தருமபுரியில வெச்சேன், வைகாசியில கருகிருச்சு. ஏன்?

அது ப்ளூ ஃபெஸ்க்யூ. மெக்சிகன் ஃபெதர் கிராஸும் அந்த ஜாதிதான். புல்லில் இரண்டு குணம் உண்டு. ராகி, சோளம், கரும்பு, வெட்டிவேர், ஃபவுண்டன் கிராஸ் எல்லாம் சி4 வகை. 30, 35 டிகிரி வெயிலிலும் உற்சாகமாக உணவு தயாரிக்கும். கோதுமை, நெல், நீங்கள் பார்த்த நீலப்புல் ஆகியவை சி3 வகை. நெல் எப்படியோ வெயிலுக்குப் பழகிவிட்டது. ஃபெஸ்க்யூ குளிர் நாட்டுப் பிள்ளை. 15 முதல் 25 டிகிரிதான் அதற்குச் சுகம்.

ஆகவே மேலே சொன்ன பருவக்கணக்கு இதற்குத் தலைகீழ். கார்த்திகையிலிருந்து மாசி வரை வளரும், நீலம் கூடும். கத்திரியில் சுருங்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மதிய நிழலில் வைத்தால் தாக்குப்பிடிக்கும். தருமபுரி சமவெளியில் அதோடு மல்லுக்கட்டாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். ஃபெதர் கிராஸை ஒட்ட வெட்டவும் கூடாது. தலை வாருவதுபோல விரலால் வாரிக் காய்ந்ததை மட்டும் எடுங்கள்.

நடுவுல மொட்டையாகி, சுத்தி மட்டும் வளையம் மாதிரி நிக்குது. இதுவும் தூக்கமா?

இது தூக்கம் இல்லை, மூப்பு. தூர் வெளிப்பக்கமாகவே புதுக்கிளை விடும். நடுவில் இருப்பது மூன்று நான்கு வருஷத்தில் நெருக்கத்தில் செத்துப்போகும். கடப்பாரையால் நெம்பித் தூரோடு எடுத்து, வெளிவட்டத்தில் இருந்து நாலைந்து கிளை உள்ள துண்டுகளாகப் பிரித்து நடுங்கள். நடுக்கட்டையை எறிந்துவிடலாம்.

மழை நம்பிக்கையாக வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது இதற்கும் பொருந்தும். தூங்குகிற மாதத்தில் பிரித்தால் வேர் பிடிக்க அதற்குத் தெம்பு இருக்காது.

இலை நுனி மட்டும் எல்லா மாசமும் காயுது.

போர்த் தண்ணீரின் உப்பு. பருவத்தோடு வரும் காய்தல் இலை முழுக்க ஒரே சீராகப் பரவும். உப்பால் வருவது நுனியில் தொடங்கி ஓரமாக இறங்கும். தொட்டியின் வாயில் வெள்ளை படிந்திருக்கிறதா பாருங்கள். மழைக்காலத்தில் தொட்டியை வெளியே வைத்து நன்றாக நனையவிடுங்கள், உப்பு கழுவிப்போகும். மற்ற நாளில் அடியில் வழியும் அளவு ஊற்றி, இடைவெளி விட்டு ஊற்றுங்கள்.

விதை பறந்து காட்டுக்குப் போயிருமா?

போகும். இதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். நம் காடுகளில் உண்ணிச்செடி அடைத்துக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்க்கிறோம். அது 1800களின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு அழகுச் செடியாகக் கல்கத்தாவுக்கு வந்ததுதான். பச்சை ஃபவுண்டன் கிராஸ் ஹவாய் தீவுகளில் தோட்டத்தை விட்டுத் தப்பி, எரிமலைப் பாறைச் சரிவுகளில் பரவி, காட்டுத்தீக்கு விறகாகிவிட்டது. பம்பாஸ் கலிஃபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் அடக்க முடியாத களை. நம் இரண்டு மாவட்டத்திலுமாகக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, 2014இல் அறிவித்தார்கள். அதன் ஓரத்தில் வீடோ பண்ணையோ வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஊதா ஃபவுண்டன் கிராஸ் அனேகமாக முளைக்கும் விதை வைப்பதில்லை, தூர் பிரித்துத்தான் பெருக்குகிறோம். நாம் நடும் வெட்டிவேரும் அப்படியே. இவற்றின் கதிரைத் தை வரை பயமில்லாமல் நிற்க விடலாம். விதை வைக்கும் வகை ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், கதிர் வெளுக்கத் தொடங்கும்போதே அறுத்துவிடுங்கள். மார்கழி அழகு போய்விடும், எனக்கும் அது வருத்தம்தான். இருந்தாலும் அறுங்கள்.

தென்பெண்ணை ஓரத்துல நாணல் பிடுங்கிட்டு வந்து வெக்கலாமா?

வேண்டாம். நாணலின் கிழங்குத்தண்டு மண்ணுக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும். சுவர் ஓரத்தில் வைத்தால் நாலு வருஷத்தில் தோட்டம் முழுக்க அதுதான். ஆற்றங்கரையில் அந்தக் குணமே கரையைப் பிடித்து நிற்கிறது, அங்கேயே இருக்கட்டும். ஆசை என்றால் புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் ஆற்றுப் பக்கம் போய்வாருங்கள். வீட்டில் கரை பிடிக்க வேண்டுமென்றால் வெட்டிவேர் வையுங்கள். வேர் மூன்று நான்கு மீட்டர் நேராகக் கீழே இறங்கும், பக்கத்தில் ஓடாது.

வாசல்ல காஞ்ச புல் நின்னா வீட்டுக்கு ஆகாதுன்னு அத்தை சொல்றாங்க. வருஷம் பூரா பச்சையா வெச்சிருக்க முடியாதா?

எலுமிச்சைப்புல்லையும் வெட்டிவேரையும் வாரம் இரண்டு தடவை தண்ணீர் விட்டு ஏறக்குறைய வருஷம் முழுக்கப் பச்சையாக வைத்திருக்கலாம். வாசலுக்கு அவற்றை வையுங்கள், கதிர் தள்ளும் வகையைப் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். அவற்றுக்கு முன்னால் ஒரு காகிதப்பூ இருந்தால், புல் வைக்கோலாகும் அதே மாசி, பங்குனியில் அது பூத்துக் குலுங்கும். கண் அங்கே போய்விடும்.

அத்தையை எதிர்த்துப் பேச வேண்டாம். கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டில் இதே பேச்சு வந்தது. தை மாதம் காலையில் அந்த அம்மாவைக் கோலம் போட வந்த நேரத்தில் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். கதிரெல்லாம் பனியோடு வெயிலில் நின்றது. "வைக்கப்போர் மேல இப்படித்தான் பனி நிக்கும், எங்க ஊர்ல" என்றார். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் புல்லை வைகாசி மழைக்குப் பிறகுதான் வெட்டினார்கள்.